அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்

மச்சாள்,

அந்த ஞாயிற்றுக்கிழமை தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். என் மகள் சுகந்தி இருந்தாள். அவளுடைய புருஷன் ரவி இருந்தார். அவர்களுடைய மகள் மயூரி, அப்போது எட்டு வயது, கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் இருந்தீர்கள். குசினியில் தண்ணீர்க் குழாயடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கறிக்கு லீக்ஸ் கழுவிக்கொண்டு நின்றீர்கள். எல்லாமாக ஐந்து பேர்.

வீட்டில் ஆர் ஆர் இருக்கிறீர்கள் என்று அரசாங்கம் தாள் அனுப்பிக் கேட்டபோது நான்கு பேர் என்று எழுதச் சொன்னவள் நான். நீங்கள் போய் இத்தனை வருடங்களுக்குப் பிறகு இந்தக் கடிதத்தை எழுதுவதும் அதற்காகத்தான்.

இன்று காலை மயூரி ஒரு தாளைக் கொண்டுவந்து என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் இப்போது வேலைக்குப் போகிற பெரிய பிள்ளை. ஒரு வருடமாக எங்கள் பரம்பரையைத் தேடுகிறாள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு சொந்தக்காரரைக் அரசாங்கக் கச்சேரிக்கும் பதிவுக் கந்தோருக்கும் அலையவைத்து, பிறந்த பதிவு, கலியாணப் பதிவு, செத்த பதிவு என்று ஒவ்வொன்றாகப் பிரதி எடுப்பிக்கிறாள். செத்துப்போன சனமெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் படுத்திருக்கிறது.

"அம்மம்மா, சொல்லுங்கோ பாப்பம், இது ஆரின்ரை?" என்றாள்.

கண்ணாடி போடாமலே தெரிந்தது. என்னுடைய கலியாண எழுத்து. பெண் கையொப்பம் வைக்கிற இடத்தில் 'பரமே' என்று மூன்று எழுத்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல். அதற்குக் கீழே சாட்சியாக நீங்கள். ஒரே இழுப்பில் கையொப்பம், அடியில் ஒரு கோடும் போட்டு.

எடுத்த கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டேன்.

அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது வயது. மூன்றாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள், சின்னதுகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று. கலியாண எழுத்துக்கு நாள் குறித்தவுடன் தம்பியின் கொப்பியை எடுத்து ஒரு மாதமாக என் பெயரை எழுதிப் பழகினேன். அடுப்படியில் கரியாலும் எழுதினேன். படித்த குடும்பத்துக்குப் போகிறேன், விரல் வைத்துக்கொண்டு போகக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம். அன்று மூன்று எழுத்து வந்துவிட்டது. நாலாவது எழுத்தில் கை வியர்த்து நின்றுவிட்டது. பதிவுக்காரர் பாவம், பொறுமையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்தார். நீங்கள்தான் என் தலைக்கு மேலால் குனிந்து பார்த்தீர்கள்.

"ஐயா, பெருவிரலை எடுங்கோ. உங்களுக்கு இண்டைக்கு இன்னும் ரெண்டு கலியாண எழுத்து இருக்கெல்லே. இவ முடிக்க விடிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அவரை அப்போதே மன்னித்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கும்போது பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார். உங்களை மன்னிக்கவில்லை. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து மைப்பெட்டியில் விரலை அமுக்கினீர்கள். உங்கள் கை குளிராக இருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் மறக்காது. அதை வரம் என்பார்கள். நல்லதை மட்டும் வைத்திருந்தால் வரம்தான். நான் வைத்திருந்தது மற்றதை. சுகந்தி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு வராத என் அண்ணன், கோயிலில் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போய் அருச்சனைத் தட்டை நீட்டிய மனுஷி, முற்றின முருங்கைக்காயைப் பிஞ்சென்று கட்டித் தந்த கடைக்காரர், எல்லோரும் என்னிடம் பத்திரமாக இருந்தார்கள். அந்த வரிசைக்குத் தலையில் நீங்கள்.

அந்த எரிச்சலில்தான் எழுதப் பழகினேன், மச்சாள். பேப்பர்த் துண்டு, சோப் சுற்றி வந்த கடதாசி, பிள்ளையின் பழைய கொப்பி என்று கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தேன். இன்றைக்கு இவ்வளவும் எழுதுகிற கை உங்களால் வந்த கை. அதை உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

பிறகு எத்தனையோ வருடம் கழித்து, பரிஸில் உங்கள் மனிதர் போய், பிள்ளைகளும் இல்லாமல், உங்கள் தம்பியிடம், என் மனிதரிடம் என்று லண்டனுக்கு வந்து சேர்ந்தீர்கள். மேல்மாடியில் இருந்த சின்ன அறையைத் தந்தோம். கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. பக்கவாட்டில்தான் உள்ளே போவீர்கள். அகதி விண்ணப்பம் போட்டீர்கள், இல்லை என்று கடிதம் வந்தது. மேல்முறையீட்டுக்கும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு கதவில் கடிதம் விழுகிற சத்தம் கேட்டால் மேலே போய்விடுவீர்கள். ஆரும் மணி அடித்தால் குளியலறைக்குள். பக்கத்து வீட்டுக்காரி சீனி கேட்டு வந்தபோது நீங்கள் அரை மணித்தியாலம் உள்ளே நின்றது எனக்குத் தெரியும். அவள் போய்விட்டாள் என்று உடனே வந்து சொல்லவில்லை. என் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

என் மனிதர் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, "அக்காவைப் பாத்துக்கொள்" என்றார். பார்த்துக்கொண்டேன். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, குளிருக்குப் போர்வையில் குறை வைக்கவில்லை. அதைத்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

நீங்களும் சும்மா இருக்கவில்லை. மயூரிக்குத் தலை இழுத்துப் பின்னியது நீங்கள். குசினிப் போத்தல்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டியது நீங்கள். சரக்குத்தூள், பெருஞ்சீரகம், ஒடியல் மா என்று, அடியில் கோடும் போட்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும். கொப்பளிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பரம்பரை சொல்வதும் எரியும்.

"எங்கடை அப்பாவின்ரை அம்மா வள்ளிப்பிள்ளை. அவவுக்கு எட்டுப் பிள்ளையள். அதிலை மூண்டு தங்கேல்லை."

"செத்த சனத்தின்ரை பேரைச் சொல்லிச் சொல்லி உள்ளி உரிச்சா உள்ளிக்கு ருசி வரும் போலை" என்று நான் நக்கல் அடிப்பேன்.

"நக்கல் அடியும், பரமேசு. ஆரும் ஒருநாள் தேடுவினம்."

ஒருநாள் குரல் மாறிச் சொன்னீர்கள். "எனக்கும் உம்மடை மனிசனுக்கும் நடுவிலை ஒரு தம்பி பிறந்தவன். ஒன்பது நாள் இருந்தவன். அப்பா பதியப் போறதுக்கு முந்தியே செத்துப்போட்டான். பேரும் இல்லை, பதிவும் இல்லை. நான் மடியிலை வைச்சிருந்தனான். நான் சொல்லாட்டி அவன் பிறக்கவேயில்லை."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். இல்லை, நினைக்கிறேன் என்ன, அரிசிதான் களைந்துகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைக்கிற ஞாயிறு. குடிசன மதிப்புத் தாள் வந்து ஒரு கிழமையாகக் குளிர்பெட்டிக்கு மேலே கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவோம் என்று ரவி பேனையோடு வந்து இருந்தார்.

"ஒண்டாம் ஆள் நீங்கள்தான், மாமி. வீடு உங்கடை பேரிலை."

என் பெயரை எழுதினார். பிறகு தன் பெயர், சுகந்தி, மயூரி. அடுத்த கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு, "பெரிய மாமியின்ரை பிறந்த திகதி என்ன?" என்று கேட்டார். வீட்டில் எல்லோருக்கும் நீங்கள் பெரிய மாமிதானே.

"தம்பி, அவவை எழுதவேண்டாம்" என்றேன்.

சுகந்தி நிமிர்ந்தாள். "ஏனம்மா?"

"ஏனெண்டு கேக்கிறாய். இது நேரை குரோய்டன் குடிவரவுக் கந்தோருக்குத்தான் போகும். விடியக் காலமை வந்து கதவைத் தட்டுவாங்கள்."

ரவி தாளைப் புரட்டி வாசித்தார். "இல்லை மாமி. இதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டினம் எண்டு போட்டிருக்கு. நூறு வருசத்துக்குத் திறக்கவே மாட்டினமாம்."

நூறு வருடம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பதும் தெரியும். பயம் என்று நான் சொன்னதில் அந்த இடத்தோடு பயம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது வேறு.

"வேண்டாம் எண்டா வேண்டாம்."

"அப்ப விருந்தாளி எண்டு போடுவமோ? அதுக்கும் ஒரு இடம் இருக்கு."

"அதுவும் வேண்டாம்."

மயூரி சொன்னாள்: "அப்பா, பெரிய மாமி இஞ்சைதானே நிக்கிறா. பின்னாலை பாருங்கோ."

"நீ வாயைப் பொத்து" என்றேன் பிள்ளையிடம்.

குழாய் நின்றது. நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்: "விடுங்கோ, தம்பி. எழுதாதேங்கோ. எனக்கும் பயமாத்தான் கிடக்கு." பிறகு குழாயைத் திரும்பவும் திறந்தீர்கள்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று இன்று தெரிகிறது. அன்றும் தெரிந்தது.

ரவி கடைசியில் தாளை என் பக்கம் திருப்பினார். எழுதியதெல்லாம் சரியென்று வீட்டுக்காரர் கையொப்பம் வைக்கவேண்டுமாம். பேனையை வாங்கினேன். முழுப் பெயரும் எழுதினேன், மச்சாள். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலே, அழகாக. எழுதிவிட்டு நிமிர்ந்து உங்கள் முதுகைப் பார்த்தேன். இதையும் மறைக்காமல் எழுதவேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்தநாள் காலை உறை முன்கதவடியில் செருப்புத் தட்டுக்கு மேலே இருந்தது. சுகந்தியும் ரவியும் வேலைக்குப் போகிற அவசரத்தில் மறந்துவிட்டார்கள். நீங்கள் குசினி வாசலில் வந்து நின்றீர்கள்.

"பரமேசு, அண்டைக்கு உம்மடை கலியாண எழுத்திலை நான் சொன்னது... உமக்கு இன்னும் கிடக்கு, என்ன?"

நான் கேத்தில் சுவிட்சைத் தட்டினேன். அது இரையத் தொடங்கியது. கேட்காததுபோல் கோப்பைகளை எடுத்தேன். ஒரு கோப்பை போதும் என்ற இடத்தில் நாலு கோப்பை எடுத்துக் கழுவினேன். கேத்தில் அடங்கியபோது சொன்னீர்கள்:

"உதை நானே கொண்டுபோய்ப் போடுறன்."

மாதக்கணக்காக முன்கதவைத் தாண்டாத நீங்கள் என் மனிதரின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டீர்கள். கை நீளம், விரல் நுனி மட்டும் தெரிந்தது. நான் யன்னலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மதிலோடு ஒட்டி ஒட்டி நடந்தீர்கள். பஸ் ஒன்று போனபோது நின்றீர்கள். சந்தியில் இருந்த சிவப்புத் தபால்பெட்டிக்குள் உறையைப் போட்டுவிட்டு, விழுந்ததோ என்று உள்ளே கையை விட்டும் பார்த்தீர்கள். நீங்கள் இந்த நாட்டில் இல்லை என்று சொல்கிற தாளை நீங்களே போய்ப் போட்டுவிட்டு வந்தீர்கள். வந்து கோட்டைக் கொழுவிவிட்டு, "நல்ல வெயில்" என்றீர்கள். நானும், "ஓம், குளிர் குறைஞ்சிட்டுது" என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பிறகு நீங்கள் அதைக் கேட்கவும் இல்லை.

அடுத்த பனிக்காலம் உங்களுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். உங்கள் சாவைப் பதிவு செய்ய நானும் சுகந்தியும்தான் குரோய்டனுக்குப் போனோம். பஸ்ஸில் இருந்து அந்த உயரமான கட்டிடம் தெரிந்தது, நீங்கள் பெயரைக் கேட்டாலே மேலே ஓடுகிற கந்தோர். எங்களுக்கு அங்கே வேலை இல்லை. செத்தவர்களைப் பதிகிற இடம் வேறு.

அங்கே இருந்த பெண்பிள்ளை தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுகந்தி தமிழில் சொன்னாள். "அம்மா, மாமி எங்கை இருந்தவ எண்டு கேக்கிறா."

வீட்டு இலக்கம், தெரு, தோர்ண்டன் ஹீத் என்று நான் படபடவென்று சொன்னேன். ஒரு வருடத்துக்கு முன் அதே விலாசத்துக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதவிடாத வாய். சுகந்தி என்னைப் பார்த்தாள். அறிவித்தவர் என்று நான் கையொப்பம் வைத்தேன். அந்தப் பிள்ளை, "வடிவான எழுத்து" என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். சுகந்தி மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது.

இப்போது மயூரியின் கணினியில் உங்களுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. உங்கள் பிறப்பு இருக்கிறது, பதிவோடு. கலியாணம் இருக்கிறது. நீங்கள் உள்ளி உரித்துக்கொண்டு சொன்ன வள்ளிப்பிள்ளையும் இருக்கிறா, எட்டுப் பிள்ளைகளோடு. மூன்று பிள்ளைகளுக்குச் செத்த பதிவும் கிடைத்திருக்கிறது, நீங்கள் சொன்னபடியே. நான் நக்கலடித்த கதையெல்லாம் முத்திரை குத்தி வந்திருக்கிறது. லண்டன் என்ற இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

"அவ இஞ்சை இருந்ததுக்கு ஒரு பேப்பரும் இல்லை, அம்மம்மா" என்றாள் இன்று. "செத்த சேட்டிபிக்கற் மட்டும்தான். அதிலை செத்த நேரத்து விலாசம்தான் கிடக்கு, இருந்த வருசங்கள் இல்லை. சோர்ஸ் இல்லாமல் நான் போடேலாது. அந்த சென்சஸ் போம் நிரப்பினது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"எந்தப் போம்?" என்றேன்.

ஆறாம் வகுப்பில் அவள் தொலைத்த கையுறையின் நிறத்தைச் சொல்கிறவள் நான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களைப்போலவே, குசினி வாசலில் நின்று. இந்தமுறை கேத்திலைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. சொன்னேன். கலியாண எழுத்தில் தொடங்கி, தபால்பெட்டி வரைக்கும், ஒன்றும் விடாமல்.

முடித்தபோது அவள், "தெரியும், அம்மம்மா" என்றாள். "நான் மேசையிலை இருந்தனான். நீங்கள்தான் வாயைப் பொத்தச் சொன்னீங்கள். பொத்திக்கொண்டுதான் இருந்தனான். நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாத்தன்."

எட்டு வயதில் நான் பொத்திவிட்ட வாய். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசையில் கிடந்த பெருவிரலைப் பார்த்தேன்.

"எழுதித் தாங்கோ" என்றாள். "அண்டைக்கு ஆர் ஆர் வீட்டிலை இருந்தவை எண்டு. நீங்கள்தானே வீட்டுக்காரர். கையெழுத்து வைச்சுத் தந்தா அதையே சோர்ஸாப் போடுறன்."

"எல்லாரும் பாப்பினமோ?"

"ஓம். கனடாவிலை இருக்கிற ஆக்கள், பிரான்ஸிலை இருக்கிற ஆக்கள், எல்லாரும். வேண்டாமெண்டா கேள்விக்குறி அப்பிடியே கிடக்கட்டும்."

என் அண்ணனின் பிள்ளைகள் பார்ப்பார்கள். கோயில் மனுஷியின் காதுக்கும் எப்படியோ போகும். மச்சாளைச் சாகும்வரை சோறு போட்டுப் பார்த்தவள் என்று எனக்கு இருக்கிற பெயர் போகும். காலை முழுக்க யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. சரக்குத்தூள் போத்தலை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். உங்கள் எழுத்து இன்னும் ஒட்டியிருக்கிறது, மை மங்கி, அடியில் அந்தக் கோட்டோடு. மூடிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே எழுதித் தருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்தாவது ஆள் என் மனிதரின் அக்கா. விருந்தாளி அல்ல. அதற்கு முன்னும் பின்னும் இந்த வீட்டில்தான் இருந்தவ, சாகும்வரை இருந்தவ. கேட்டவர்களிடம் மறைத்தது நான். மயூரி, இன்னொன்றையும் போடு: பெரிய மாமிக்கும் உன் அம்மப்பாவுக்கும் நடுவில் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. பேர் இல்லை. அதற்குச் சாட்சி பெரிய மாமி. அவ சொன்னதற்குச் சாட்சி நான். இனி அவனை நான் வைத்திருக்கிறேன், உன்னிடம் தரும்வரை.

மச்சாள், நீங்கள் அன்று செய்தது பிழைதான். செத்துவிட்டீர்கள் என்பதற்காக அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் பெருவிரலாலாவது என்னை அந்தப் புத்தகத்துக்குள் வைத்தீர்கள். அறுபது வருடம் கழித்துப் பேத்தி தேடிப் போனபோது நான் அங்கே இருந்தேன். என் கையில் பேனை இருந்தது, நேரம் இருந்தது, மருமகன் பிறந்த திகதி கேட்டுக்கொண்டு காத்திருந்தார். நான் உங்களை வெளியே விட்டேன். நூறு வருடம் முடிந்து அந்தத் தாளைத் திறக்கிறபோது எங்கள் வீட்டில் நான்கு பேர்தான் இருப்பார்கள். அதை இனி ஒருவராலும் திருத்த முடியாது.

நான் மன்னிக்காதவர்களின் வரிசையில் இருந்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன். அண்ணன் போகட்டும். கோயில் மனுஷி போகட்டும். முருங்கைக்காய்க் கடைக்காரரும் போகட்டும். நீங்கள் எப்போதோ போய்விட்டீர்கள். வரிசையில் ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆளை நான் மன்னிக்கப்போவதில்லை. அவளுடைய பெயரை முழுதாக, ஒரு எழுத்தும் விடாமல், என் கையாலேயே கீழே எழுதுகிறேன்.

பரமேஸ்வரி